பற்றரியைக் கழட்டாதை

எதையாவது திருத்தத் தெரியும் என்று ஒருவன் வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவனுக்கு நிம்மதி கிடையாது. மின்விசிறி, மிக்ஸி, பக்கத்து வீட்டுக்காரரின் மணிக்கூடு எல்லாம் அவன் கைக்கு வந்து சேரும். நான் சொன்னது வாய்தவறி அல்ல. சாப்பாட்டு மேசையில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "லப்டொப்பின்ர நித்திரைப் பிரச்சினையைத் திருத்திப்போட்டன்." அந்த ஒரு வசனத்துக்காக இன்றுவரை அனுபவிக்கிறேன்.

போரின் கடைசிக் காலம் அது. நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில், சிங்களவர் நடுவே, பிலிமத்தலாவையில் இருந்தோம். அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க அலுவலகம் ஒன்றில் பிரதம இலிகிதராகக் கண்டிக்கு மாற்றலாகி வந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் வாடகை வீட்டின் கதவையும் அதற்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் இழந்தும் ஊரை விட்டுப் போகாதவர். போகாததற்குப் பதிலாகச் சில விதிகளை இயற்றிக்கொண்டார். தமிழ்ப் பேப்பரை மடித்து, சிங்களப் பேப்பருக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும். திருநீறு வாசல் வரைக்கும்தான். பஸ்ஸில் தமிழ் கதைக்கக் கூடாது. கைத்தொலைபேசி அடித்தால் எடுக்கவே கூடாது. "வாயைத் திறந்தாத்தான் நாங்கள் ஆர் எண்டு தெரியும்" என்பார். சிற்றலை வானொலிப் பெட்டியைக்கூட அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அயலுக்குச் சத்தம் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, மகனோடும் மகளோடும் போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். தொலைபேசி இல்லை, போக்குவரத்து இல்லை. வெளிநாட்டுத் தமிழ் வானொலி ஒன்று இரவு நிகழ்ச்சியை மறுநாள் முழுக்க இணையத்தில் விட்டுவைக்கும். அதன் கடைசியில் உள்ளே இருக்கும் சனங்களின் குரல்கள் வரும். யாரோ ஒருவர் ஒலிவாங்கியை நீட்ட, தாங்கள் இன்னார், இன்ன இடத்தில் இருக்கிறோம் என்று வெளியில் உள்ளவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்வார்கள். அன்றிரவு புது நிகழ்ச்சி வந்ததும் பழையது போய்விடும். அம்மா அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் உயிரோடு இருந்தார். (சமைத்தார், கோவிலுக்குப் போனார், என்னைத் திட்டினார். அதெல்லாம் அந்தப் பகுதி வரும்வரை நேரம் போக்குவதற்கு.)

வீட்டில் இணையம் இல்லை. கண்டியில் நான் படிப்பித்த கணினி வகுப்பில் இருந்தது. அங்கே நிகழ்ச்சியைப் பதிவிறக்கி என் மடிக்கணினியில் கொண்டுவருவேன். அம்மா குசினியில் கதிரையைப் போட்டு, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு கேட்பார். இயர்போனின் ஒரு பக்கம் செத்துப்போயிருந்தது. மற்றப் பக்கம் சாகக் கிடந்தது. ஆகவே ஒலி எப்போதும் உச்சத்தில் இருக்கும். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

மடிக்கணினி ஏற்கெனவே இரண்டு பேர் பாவித்துக் கைவிட்டது. அதிலிருந்த இயங்குதளத்தை அழித்துவிட்டு, நண்பன் சீடியில் தந்த இலவச இயங்குதளம் ஒன்றை நானே போட்டிருந்தேன். சுதந்திரம் பற்றி அப்போது நிறையப் பேசுவேன். (வகுப்பில்தான். பஸ்ஸில் அல்ல.) அந்தச் சுதந்திரத்துக்கு ஒரே ஒரு வியாதி, ஒழுங்கான நித்திரை இல்லை. மூடியை மூடினால் சில நாள் உறங்காமல் பைக்குள் கிடந்து கொதிக்கும். சில நாள் உறங்கும், பிறகு எழும்பாது. சில நாள் எழும்பும், ஆனால் திரை எழும்பாது. உள்ளே விசிறி சுற்றும், விளக்கு மினுங்கும், முகம் மட்டும் கறுப்பாக இருக்கும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் முழுதாக எழுந்து நிற்க ஒரு தேங்காய் துருவி முடிக்கும் நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுக்க அம்மா என் தலைக்கு மேல் நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார். மூச்சு மட்டும் கேட்கும்.

உலகம் முழுக்க இதே நோய்க்காரர்கள் இணையத்தில் கூடிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கேள்வி கேட்பார். இன்னொருவர், "எனக்கு ஒழுங்காக வேலை செய்கிறது" என்று எழுதிவிட்டுப் போவார். கேள்வி கேட்டவரே சில நாள் கழித்து வந்து, "திருத்திவிட்டேன், நன்றி" என்று முடித்துக்கொள்வார். எப்படித் திருத்தினார் என்று சொல்லமாட்டார். அந்த மனிதர் இன்றைக்கும் என் கையில் கிடைத்தால் விடமாட்டேன்.

கடைசியில் எங்கோ பனி கொட்டும் நாட்டில் இருந்த ஒருவர் எழுதிய சில வரிகளை, பாதிக்கு அர்த்தம் தெரியாமலே, அப்படியே தட்டச்சிட்டேன். அதில் ஒரு வரி, மின் பொத்தானை அழுத்தினால் கணினி அணையக் கூடாது, உறங்கத்தான் வேண்டும் என்று உத்தரவிட்டது. மூடியின் கொக்கி உடைந்திருந்ததால் பை குலுங்கும்போது மூடி கொஞ்சம் திறந்து, கணினி தானாக விழித்துக்கொள்ளும். அதற்கு இணையத்தில் மருந்து கிடைக்கவில்லை. ஒரு றப்பர் வளையத்தைப் போட்டு இறுக்கினேன். மேசையில் வைத்து மூடினேன், உறங்கியது. திறந்தேன், பாடிக்கொண்டிருந்த பாட்டை விட்ட இடத்திலிருந்து பாடியது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டுத்தான் அந்த வசனத்தைச் சொன்னேன்.

"நாளைக்கு மூடியைத் திறந்த உடனே கதைக்கும், அம்மா. நீங்கள் பக்கத்தில நிண்டு காயத் தேவையில்லை."

"ஓம்" என்றார் அம்மா. அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். என் கெட்டித்தனத்துக்கு வந்த வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டி குட்ஸ்ஷெட் பஸ் நிலையத்தில் பின்னேரம் நான் ஏறும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வழக்கமாக ஒருவர் இருப்பார். பெயர் நிமல். கண்டியில் இரும்புக்கடை ஒன்றில் காசாளர், கடுகண்ணாவையில் வீடு. நிமல் அய்யா என்று கூப்பிடுவேன். (சிங்களத்தில் 'அய்யா' என்றால் அண்ணன்.) அவர் என்னை மல்லி என்பார். (மல்லி என்றால் தம்பி.) மாதக்கணக்காக நாங்கள் சிங்களத்தில் மழையைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் பேசிவந்தோம். போரைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறந்ததில்லை. என் பெயரைச் சுரங்க என்று சொல்லியிருந்தேன். (சுரேந்திரனில் அரைவாசி வருகிறதுதானே.) என்னுடையது பரீட்சைக்குப் படித்த சிங்களம். நீட்டி முழக்கினால் மாட்டிக்கொள்வேன் என்று சின்னச் சின்ன வசனமாகப் பேசுவேன். அவரும் சின்ன வசனமாகத்தான் பேசுவார். அமைதியான மனிதர் என்று நினைத்தேன்.

அன்றைக்கு வகுப்பு முடிந்து, பதிவிறக்கம் முழுதாக வந்திருக்கிறதா என்று கடைசிப் பகுதியை இயர்போனில் கொஞ்சம் ஓடவிட்டேன். அறிவிப்பாளர் அதற்கு முன்னுரை தொடங்கியிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இயர்போனைக் கழற்றி, மூடியை மூடி, றப்பர் வளையத்தைப் போட்டுப் பைக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு முன்னால் மூடியை ஒரு விரலால் திறக்கப்போவதை எண்ணிக்கொண்டு குட்ஸ்ஷெட்டுக்கு ஓடினேன்.

பேராதனைப் பாலத்துக்கு முன்னால் சோதனைச்சாவடி. வழக்கம்போல எல்லோரும் பைகளோடு இறங்கி வரிசையில் நின்றோம். நிமல் அய்யா எனக்குப் பின்னால். என் முறை வந்தபோது, என்னைவிட இளையவனாகத் தெரிந்த ஒரு ஆமிக்காரன் பையைத் திறந்து, மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தான். றப்பர் வளையத்தைக் கழற்றினான். கொக்கி உடைந்த மூடி தானாகத் தூக்கிக்கொண்டது.

அது சொன்னபடி செய்தது. மூடியைத் திறந்த உடனே கதைத்தது.

"...பகுதியிலிருந்து வெளியேற முடியாத நிலையில் உள்ள பொதுமக்கள், உணவும் மருந்தும் இன்றி..." என்று ஆரம்பித்தது. இயர்போன் செருகியிருக்கவில்லை. ஒலி உச்சத்தில். அறிவிப்பாளர் அட்சர சுத்தமான தமிழில், இடையில் ஒரு ஆங்கிலச் சொல்கூட இல்லாமல், பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கப் பேசினார். எங்கள் அப்பா கால் நூற்றாண்டாக எங்கள் வாயில் போட்டு வைத்த பூட்டை அந்த இயந்திரம் ஒரே நொடியில் உடைத்துவிட்டது. வரிசையில் ஒருவரும் அசையவில்லை.

நான் நிறுத்தப் பாய்ந்தேன். திரை கறுப்பு. எங்கே அழுத்துவது என்று பார்க்க ஒன்றுமில்லை. விசைப்பலகை செத்துக் கிடந்தது. மின் பொத்தானை அழுத்தினேன். அதை உறங்கச் சொல்லி உத்தரவிட்டவன் நான். அதற்கு உறங்க மனமில்லை. பொத்தானைக் கொஞ்ச நேரம் விடாமல் அழுத்திப் பிடித்தால் எந்தக் கணினியும் அணையும் என்பது வகுப்பில் நான் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம். அந்த இடத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. மணி அடிப்பதுபோல் விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருந்தேன்.

"மொகத மே?" என்றான் ஆமிக்காரன். என்ன இது என்று கேட்கிறான். என் பரீட்சைச் சிங்களம் முழுவதும் போய், ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது.

"நிதி, மாத்தயா" என்றேன். "மே நிதி."

நித்திரை, ஐயா, இது நித்திரை. கத்திக்கொண்டிருக்கும் ஒன்றைக் காட்டி நித்திரை என்று சொன்னால் பெற்ற தாயே நம்பமாட்டாள்.

அப்போது குரல் மாறியது. அறிவிப்பாளர் போய், ஒரு பெண். நிலையத்துக்குள் பதிந்த குரல் இல்லை. பின்னால் காற்றும் ஆட்களின் இரைச்சலும் கேட்டன. "அக்காவுக்கு ஒண்டு சொல்லோணும்" என்றது அந்தக் குரல்.

நான் மடிக்கணினியைக் கவிழ்த்து, அடியில் இருந்த தாழை இழுத்து, பற்றரியைப் பிடுங்கினேன்.

சத்தம் நின்றது. அடுத்தது என்ன நடந்தது என்பதை ஆமிக்காரன் பக்கமிருந்து பாருங்கள். தமிழில் பேசும் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் சொந்தக்காரன் நித்திரை நித்திரை என்று உளறுகிறான். பிறகு அதைக் கவிழ்த்து அடியிலிருந்து கட்டியாக ஒன்றை உருவி எடுக்கிறான். அவன் என்னைச் சுடாமல் விட்டது அவனுடைய நல்ல குணம். துப்பாக்கியை நீட்டியபடி பின்னால் போனான், வரிசை கலைந்து ஓடியது, இன்னும் இரண்டு பேர் வந்து என்னை மண்ணில் குந்த வைத்தார்கள். பற்றரி என் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

அது என்ன சொன்னது, தமிழ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று வரிசையைக் கேட்டார்கள். "தன்னே நே" என்றார்கள் ஒவ்வொருவராக. தெரியாது. நிமல் அய்யாவின் முறை வந்தது. அவர் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "நாடகம், மாத்தயா. ரேடியோ நாடகம். பொம்பிளைகள் கேட்பது."

நாடகம் என்று தெரிகிறதென்றால் தமிழும் தெரிகிறது. அவருடைய அடையாள அட்டையையும் என்னுடையதையும் வாங்கி, ஆமிக்காரன் சத்தமாக எழுத்துக்கூட்டி வாசித்தான். சுப்பிரமணியம் சுரேந்திரன். வேலுச்சாமி நிர்மலநாதன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவரையும் எனக்குப் பக்கத்தில் குந்த வைத்தார்கள்.

"தம்பி, நீங்களும் நம்ம ஆளா?" என்றார் அவர், உதடு அசையாமல், தமிழில்.

"ஓம்."

"இத்தன மாசமா ஏன் சொல்லல?"

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்குப் பயந்துதான்" என்றார். நானும் அவருக்குப் பயந்துதான் இருந்தேன். மாதக்கணக்கில் இரண்டு தமிழர்கள் ஒருவரையொருவர் ஏமாற்ற அரைகுறைச் சிங்களத்தில் அரிசி விலை பேசியிருக்கிறோம். வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

மேலதிகாரி ஒருவர் வந்தார். கணினியைப் போட்டுக் காட்டச் சொன்னார். பற்றரியைப் பொருத்திப் போட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கியதில் உள்ளே ஏதோ குழம்பிவிட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சில வந்து நின்றுவிட்டன. பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று அதை வைத்துக்கொண்டார்கள். என் வீட்டிலிருந்து யாராவது வந்து உறுதி சொல்ல வேண்டும் என்றார்கள். அப்பா வந்தார், முச்சக்கரவண்டியில், அலுவலகச் சட்டையோடு. அப்பாவின் சிங்களம் அழகானது, அலுவலகத்தில் எல்லோரும் மெச்சுவார்கள். அந்தச் சிங்களத்தில், என்னைவிட இளைய அந்தப் பையனிடம், தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு எல்லோரையும் கைகூப்பிக் கும்பிட்டார். நிர்மலநாதனுக்காகவும் சேர்த்துக் கும்பிட்டார். அதை நான் பார்த்திருக்கவே கூடாது. முச்சக்கரவண்டியில் நாங்கள் மூன்று பேர், எல்லோரும் தமிழர். ஆனால் வண்டி ஓட்டியவர் யாரென்று தெரியாததால் யாரும் பேசவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றார். அடித்தார்களா, பசிக்கிறதா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சொன்னவை?" என்றார். "இண்டைய நிகழ்ச்சியில."

எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு சத்தமாகச் சொன்னதை முழுப் பஸ்ஸும் கேட்டது. விளங்கக்கூடிய நானோ நிறுத்துவதிலேயே குறியாக இருந்தேன். கடைசியில் ஒரு பெண் பேசத் தொடங்கினாள், அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றாள், அதோடு பற்றரியைக் கழற்றிவிட்டேன் என்றேன். "அக்காவுக்கோ?" என்றார் அம்மா. அன்றிரவு புது நிகழ்ச்சி வந்து, பழையது போய்விட்டது.

மறுநாளிலிருந்து அம்மாவுக்கு நான்தான் வானொலி. "எப்பிடிச் சொன்னவ? இன்னொருக்காச் சொல்லு." நான் சொல்வேன். "அவள் கொஞ்சம் இழுத்துக் கதைக்கிறவள். இழுத்ததோ?" நான் இழுத்துச் சொல்வேன். "இருமல் இருந்ததோ?" நான் இருமிக் காட்டுவேன். சில நாளில் உண்மையில் என்ன கேட்டேன் என்பதே எனக்கு மறந்து, அம்மாவுக்குப் பிடித்தமாதிரி பேசத் தொடங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிர்மலநாதனையும் வரவழைத்தார். அவரும்தானே கேட்டவர். பாவம், மனிதர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, பெண் குரலில், "அக்காக்கு ஒண்ணு சொல்லணும்" என்று மலையகத் தமிழில் சொன்னார். "என்ர தங்கச்சி இப்பிடிச் சொல்லமாட்டாள்" என்று அம்மா வருத்தப்பட்டார். "இல்லங்க, அவங்க சரியாத்தான் சொன்னாங்க, நான்தான் இப்படிச் சொல்றேன்" என்று அவர் மன்னிப்புக் கேட்டார். மீசை வைத்த இரண்டு ஆண்கள் வரவேற்பறையில் மாறி மாறிப் பெண் குரலில் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மடிக்கணினி பிறகு திரும்பி வந்தது. உள்ளே இருந்த எல்லாவற்றையும் துடைத்து, காசு கொடுத்து வாங்கும் இயங்குதளத்தை யாரோ போட்டிருந்தார்கள். மூடியை மூடினேன், உறங்கியது. திறந்தேன், எழும்பியது, திரையோடு. எப்போது மூடினாலும் உறங்கியது, எப்போது திறந்தாலும் எழும்பியது. இணையத்தில் உள்ள அத்தனை பேரும் நானும் சேர்ந்து திருத்த முடியாததை அந்தச் சோதனைச்சாவடி திருத்தித் தந்துவிட்டது. அதில் பேசத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

போர் முடிந்தது. கண்டியில் பட்டாசு வெடித்தார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். எங்கள் வாசலுக்கும் ஒரு தட்டு வந்தது. அப்பா நன்றி சொல்லி வாங்கினார். அகதி முகாமிலிருந்து விடுபட்டுச் சித்தி எங்களிடம் வந்து சேர நெடுநாள் ஆனது. மகளோடு வந்தார். மகன் வரவில்லை. கடைசி நாட்களில் சனக்கூட்டத்துக்குள் கையை விட்டுவிட்டான் என்றார். இன்றைக்கும் அவனைப் பற்றி 'இல்லை' என்று சொல்லமாட்டார், 'இன்னும் வரேல்லை' என்றுதான் சொல்வார்.

வந்து குளித்துச் சாப்பிட்டதும் அம்மா கேட்டது ஒன்றுதான். "நீ ரேடியோவுக்குக் கதைச்சனியே?"

"ஒருக்கா, ஆஸ்பத்திரி வளவுக்குள்ள ஒருத்தர் மைக்கை நீட்டினவர். கதைச்சனான்."

"எண்டைக்கு?"

"அங்க நாள் கிழமை ஆருக்குத் தெரியும், அக்கா."

"என்ன சொன்னனி?"

"அக்காவுக்கு ஒண்டு சொல்லோணும் எண்டு தொடங்கினனான். நாங்கள் மூண்டு பேரும் சுகமா இருக்கிறம் எண்டன். நீ தந்த தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வர ஏலேல்லை, குறை நினைக்காதை எண்டும் சொன்னனான்."

மூன்று பேரும் சுகம். அது உண்மையாக இருந்த ஒரு நாளில் அந்தச் செய்தி புறப்பட்டு, கடல் தாண்டிப் போய், திரும்பிக் கண்டிக்கு வந்து, பேராதனைப் பாலம் வரைக்கும் வந்திருக்கிறது. அதற்கு மேல் நான் விடவில்லை. அது வேறொரு பெண்ணாகவும் இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் அங்கே எத்தனையோ பேருக்கு வெளியில் அக்காமார் இருந்தார்கள். எனக்கு நித்திரை வராத நாட்களில் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா முழுக் கதையையும் சொன்னார். 'மே நிதி, மாத்தயா' என்ற இடத்தில் சித்தி சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. அதனால் அந்தக் கதையைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அது சொல்லப்படுகிறது. நிர்மலநாதன் குடும்ப நண்பராகிவிட்டார், எங்கள் வீட்டில் அவருக்கு இன்னும் நிமல் அய்யா என்றுதான் பெயர். வீட்டில் தமிழில் வயிறு குலுங்கச் சிரித்துப் பேசுவோம். குட்ஸ்ஷெட்டில் பஸ் ஏறியதும், யாரும் சொல்லாமலே, சிங்களத்துக்கு மாறி அரிசி விலை பேசுவோம். போர் முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது நான் கதிரையை விட்டு எழும்பினால் சித்தி கையை நீட்டி மறிப்பார்.

"பற்றரியைக் கழட்டாதை. நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."

எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துக்கொண்டு திரும்ப உட்காருவேன். அவர் சொல்வது பெரும்பாலும் மகனைப் பற்றித்தான், முன்பே பலமுறை கேட்டது. முடிகிறவரைக்கும் இருப்பேன்.